‘எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்று பெற்றோர் சொல்கிறார்களா?

கேள்வி: திருப்பூர் புறநகரில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பெற்றோர் தொடர்பு என் பொறுப்பு. விழா, தேர்வு, விடுமுறை, கூட்டம் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் போடுகிறோம். இருந்தும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வான தேசிய வருவாய்வழித் தகுதித் தேர்வுக்கு வருமானச் சான்று கேட்டபோது பாதிப் பேர் கடைசி நாளில் வெறும் கையோடு வந்து நின்றார்கள். கேட்டால், “எங்களுக்குத் தெரியவே தெரியாதே டீச்சர்” என்கிறார்கள். பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சில குடும்பங்கள் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவை. இதற்கு மேல் என்னதான் செய்வது?

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை என்ற இடத்திலிருந்து தொடங்குவோம். செய்தி குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, குடும்பத்துக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் பதிவேட்டிலும் எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்திலும் இருக்கும் எண்களில் கணிசமானவை அப்பாவின் எண்ணாக இருக்கும். அந்தப் போன் காலை எட்டரைக்கு அவரோடு கம்பெனிக்குப் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் திரும்பும். வருமானச் சான்றுக்கு அலையப்போகிறவரோ அம்மா. அவர் கையில் இருப்பது பட்டன் போனாக இருந்தால், நீங்கள் குழுவில் போட்ட எதுவும் அவர் கண்ணில் படப்போவதில்லை.

ஆகவே முதலில் வேண்டியது புதிய செயலி எதுவும் இல்லை, ஒரு தாள். வகுப்புக்கு ஒரு தாள் போதும். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் எழுதுங்கள்: இந்த எண் யாருடையது, அதில் வாட்ஸ்அப் உண்டா, வீட்டில் தமிழ் வாசிப்பவர் யார், எந்த நேரத்தில் அழைத்தால் எடுப்பார்கள், அவர்கள் எடுக்காவிட்டால் யாரிடம் சொல்லலாம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, அதே காம்பவுண்டில் குடியிருக்கும் வேறொரு மாணவனின் அம்மா என்று யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். ஜூனில் ஒருமுறை எழுதி, பொங்கல் விடுமுறை முடிந்ததும் மறுபடி சரிபாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்கள் அதற்குள் செத்திருக்கும். குழுச் செய்தியால் எட்ட முடியாத குடும்பங்களுக்குச் சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். உங்கள் வேலையே அந்தப் புள்ளிகளுக்காகத்தான். மற்றவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

அடுத்து, செய்தி எழுதும் விதம். பள்ளிகளிலிருந்து போகும் அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன:

“பெற்றோர் கவனத்திற்கு. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்விற்கு விண்ணப்பிக்க விரும்பும் தகுதியுடைய மாணவர்களின் பெற்றோர் உரிய ஆவணங்களுடன் உரிய நேரத்தில் பள்ளியை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை அப்படியே கீழே இறக்கிய வாசகம் இது. துணியோரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் பகல் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வந்த ஒரு தாய்க்கு இதில் என்ன கிடைக்கிறது? எந்த வகுப்புக்கு, எவ்வளவு பணம், என்ன ஆவணம், என்றைக்குள் என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு மட்டும். ஒரு தேர்வு வருகிறது. அதில் உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நான்கு வருடத்துக்கு மொத்தம் 48,000 ரூபாய். குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். சான்று வந்ததும் நகலைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். கடைசி நாள் 20ஆம் தேதி, வெள்ளி. சந்தேகம் இருந்தால் மாலை நாலரை முதல் ஐந்தரை வரை என்னைக் கூப்பிடுங்கள்.”

நீளம் சற்றுக் கூடத்தான் செய்கிறது, பரவாயில்லை. தேர்வின் முழுப்பெயர் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 48,000 என்ற எண் அந்தப் பெயரைவிட நன்றாகப் பேசும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனையையும் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு) வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். யார் தகுதி பெற்றவர் என்று மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம், அந்தக் கணக்கைப் பெற்றோர் தலையில் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் 6,695 இடங்களில் உங்கள் பள்ளிக்கு ஒன்று கிடைத்தாலும் அது ஒரு வீட்டின் நான்கு வருடக் கவலையைக் குறைக்கும்.

நாள் குறிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கடைசித் தேதியைப் பள்ளிப் பக்கமிருந்து பார்க்காமல், பெற்றோர் பக்கமிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேசை மேசையாகப் போய்த்தான் வரும். குடும்ப அட்டையில் பெயர் விட்டிருந்தாலோ ஆதாரில் முகவரி பழையதாக இருந்தாலோ இன்னும் இழுக்கும். தவிர, இ-சேவை மையத்துக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். “நாளைக்குள் கொண்டு வாருங்கள்” என்று எழுதுகிற பள்ளி, கூலியை விடச் சொல்கிறது என்று அர்த்தம். தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருமானச் சான்று வேண்டும் என்பது ஜூன் மாதமே உங்களுக்குத் தெரியும். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முதல் தகவலைச் சொல்லிவிடுங்கள்.

இனி வாட்ஸ்அப் குழு. காலை வணக்கம், திருவிழா வாழ்த்து, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு இவற்றின் நடுவே உங்கள் அறிவிப்பு புதைந்து கிடக்கிறது. அட்மின்கள் மட்டுமே செய்தி போடலாம் என்று அமைப்பை மாற்றுங்கள். முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். விழாப் படங்களுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளுங்கள். கலைத் திருவிழாவில் பிள்ளைகள் வட்டார அளவுக்குத் தேர்வானால் நாற்பது படம் வரத்தான் செய்யும், வரட்டும். ஆனால் அவை வருமானச் சான்றுச் செய்தியின் மேல் வந்து விழக்கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். முகம் தெரியாத யாரோ இரவில் அழைக்கிறார் என்பதற்காகவே சில அம்மாக்கள் சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறிவிடுவார்கள். காரணத்தை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ அறிவிப்புக் குழுவாகவோ ‘சேனல்’ ஆகவோ வைத்தால் பெற்றோர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. ‘பிராட்காஸ்ட்’ பட்டியலும் உண்டு. அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பாதிப் பேருக்குப் போகாததன் காரணம் தெரியாமலே பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளின் மதிப்பெண், வராதவர் பட்டியல், கட்டணப் பாக்கி எதுவும் பொதுவில் வரக்கூடாது. ஆதார் அட்டையைப் படமெடுத்துக் குழுவிலேயே போடும் பெற்றோர் இருக்கிறார்கள். பார்த்தவுடன் நீக்கிவிட்டு, நகலைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பட்டன் போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று தோன்றும். மொத்தமாக அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அது வீண் சுமை. சிவப்புப் புள்ளிக் குடும்பங்களுக்கு மட்டும் உங்கள் போனிலிருந்தே அனுப்புங்கள். ஆனால் தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம்தான். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் வரும். ‘பெற்றோர்’ என்ற நான்கெழுத்துச் சொல் எட்டு இடத்தை விழுங்கிவிடும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ போட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. “வெள்ளி மாலை 4 மணி கூட்டம். 8ஆம் வகுப்பு. அவசியம் வரவும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் ஊருக்கு எழுத்தைவிடக் குரல்தான் சரி. வகுப்பாசிரியரின் குரலில் முக்கால் நிமிடம், ஒரே ஒரு செய்தி. வாசிக்கத் தெரியாதவரும் கேட்பார், சமைத்துக்கொண்டே கேட்பார். அனுப்பும் நேரம் சனிக்கிழமை இரவு. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள், மறுநாள் விடுமுறை, போனைக் கையில் எடுத்து உட்காரும் நேரம். ஒடியா, இந்தி பேசும் வீடுகளுக்கு அதே மொழி பேசும் பெற்றோர் ஒருவரையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். ஏழாம் வகுப்பு மாணவனே வீட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவான் என்பது உண்மைதான். விழா, விடுமுறை என்றால் அவனை நம்பலாம். அவனைப் பற்றிய புகாரை அவன் வாயால் மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

காகிதத்தையும் கைவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அடுத்த வாரச் செய்தியைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பெற்றோர் கையொப்பம் மட்டும் கேட்காதீர்கள். அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட அழகாகப் போடும் வயது இது. அதற்குப் பதிலாக, பெரியவர்கள் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கூட்டத்துக்கு வீட்டிலிருந்து யார் வருகிறீர்கள்? எத்தனை மணிக்கு வர முடியும்?” பதில் வராத நாட்குறிப்புகளே திங்கள்கிழமை நீங்கள் அழைக்க வேண்டிய பட்டியல். அழைத்தும் கிடைக்காதவர்களுக்கு, அந்தத் தெருவில் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் மூலம் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே, பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவதோடு அவர்களை அனுப்பிவிடுவது பெரிய விரயம். ஆளுக்கு ஐந்து வீடு என்று பிரித்துக் கொடுத்தால் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் வரை செய்தி தானாகப் போய்விடும்.

அவசரச் செய்திக்கு வேறு விதி. மழை விடுமுறை என்றால் சென்ற ஆண்டு அறிவிப்பின் படமே மறுபடி சுற்றும். அதிகாரபூர்வச் செய்தி தலைமை ஆசிரியரின் எண்ணிலிருந்து மட்டுமே, தேதியும் கிழமையும் சொல்லித்தான் வரும் என்று ஜூன் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள். பள்ளியைப் பாதி நாளில் விட நேர்ந்தால் குழுச் செய்தி போதாது. பூட்டிய வீட்டு வாசலில் பிள்ளை நிற்கும், ஆகவே சிவப்புப் புள்ளிக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அழைத்தாக வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாள்களை ஒட்டி மாத்திரை கொடுக்கும்போது முதல் நாளே சொல்லுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும், காய்ச்சல் இருந்தால் ஆசிரியரிடம் தெரிவிக்கட்டும். முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால், ஒரு பிள்ளைக்கு வயிறு புரட்டினாலும் மாலைக்குள் ஊரே பள்ளி வாசலில் நிற்கும்.

இன்னொன்று. பள்ளி எண் திரையில் வந்தாலே “என்ன செய்து தொலைத்தான்?” என்று பயந்து போனை எடுக்காதவர்கள் நிறைய. சிவப்புப் புள்ளி வீடுகளை ஜூன், ஜூலையில் ஒருமுறை நல்ல செய்தி சொல்லவே அழைத்துவிடுங்கள். கையெழுத்து திருந்தியிருக்கிறது, கபடியில் நன்றாக ஆடினான் என்ற அளவு போதும். அடுத்த அழைப்பை எடுப்பார்கள்.

கடைசியாக, உங்கள் எட்டாம் வகுப்புக் குழுவை ஏப்ரலில் கலைத்துவிடாதீர்கள். உதவித்தொகைக்குத் தேர்வான பிள்ளைகள் அப்போது வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோதான் தொடர வேண்டும், புதிய பள்ளி மூலம் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தேர்வில் வென்றும் இந்த இடைவெளியில் பணத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. புதிய பள்ளிக்கு அந்தப் பிள்ளையின் நிலை தெரியாது, பழைய பள்ளி கணக்கை முடித்திருக்கும். விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டது என்று பெற்றோர் சொல்லும்வரை அந்த எண்களை வைத்திருங்கள். புதிய பள்ளியின் வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.