செய்த ஆய்வைத் திரும்பச் செய்வது எதற்கு? – கேள்வி பதில்

கொக்குவில் மாணவி: சேர், முதுமாணி வகுப்பில் வெளியான கட்டுரை ஒன்றைத் தந்து, அதே தரவிலிருந்து அதன் அட்டவணையைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். ஆரோ செய்து முடித்ததை ஏன் திரும்பச் செய்ய வேணும்?

தங்கச்சி, வாசிக்கும்போது எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். தரவைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வை எடுங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்ச மணித்தியாலச் சம்பளம் 4.25 டொலரிலிருந்து 5.05க்கு ஏறியது, துரித உணவுக் கடைகளில் ஆட்கள் குறைந்தார்களா என்று பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 410 கடைகள், தரவு இணையத்தில் இலவசம்.

சம்பளம் ஏறுமுன் நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.44 ஆட்கள். என் மாணவர் ஒருவருக்கு எண் எங்கேயோ போய் நின்றது. இரண்டு நாள் தலையைப் பிய்த்தார். பகுதிநேர ஆளை அரை ஆளாக எண்ண வேணும் என்று வாசித்திருந்தும் முழு ஆளாகக் கூட்டியிருக்கிறார்! அதைத் திருத்தினால், சம்பளம் ஏறிய பிறகு எடுத்த இரண்டாம் சுற்றின் 21.03 வரவில்லை. நிரந்தரமாக மூடிய கடைக்குப் பூச்சியம் போட வேணும், தற்காலிகமாக மூடியதை விட்டுவிட வேணும். சரி, இதை எந்த விரிவுரையில் சொல்லிக்கொடுப்பது?

சுன்னாகம்: அதே அட்டவணையில் நியூ ஜெர்சியில் 0.59 கூடியிருக்கிறது, பென்சில்வேனியாவில் 2.16 குறைந்திருக்கிறது. வித்தியாசம் 2.75தானே? 2.76 என்று போட்டிருக்கிறார்களே?

மட்டந்தட்டல், தசமங்களைச் சுருக்கி எழுதியதால் வந்தது. நித்திரை கொள்ளுங்கள்.

நல்லூர்: உண்மையிலேயே பிழை கண்டால், மாணவன் சொல்லி ஆர் கேட்பார்கள்?

கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் தோமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்பு ஒப்படைக்காக அரசுக் கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி ரைன்ஹார்ட்–ரோகொஃப் என்ற பொருளியலாளர்கள் எழுதிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்பச் செய்தார். எண் பொருந்தவில்லை. கட்டுரையை எழுதினவர்களிடமே கேட்டு எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுத்த இடத்தில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, சராசரியில் நாடுகளுக்கு நிறைகொடுத்த முறையும் சிக்கல். எல்லாம் திருத்தியபோது, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 வீதத்துக்கு மேல் கடனுள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி –0.1 வீதத்திலிருந்து 2.2 வீதமானது. 2013இல் பெரிய அமளி. ஆனால் தம்பி, முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள். பத்தில் ஒன்பது தரம் பிழை எங்கள் பக்கம்தான்.

வவுனியா: காசு கட்டி மென்பொருள் வாங்க வசதியில்லை.

ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் போதும், இலவசம். (‘ஆர்?’ என்று திருப்பிக் கேட்காதேங்கோ, பெயரே அதுதான்.) கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். மவுஸால் அழுத்தி எடுத்த விடையை ஆறு மாதம் கழித்து உங்களாலேயே திரும்ப எடுக்க ஏலாது. எனக்கு அனுப்பும்போதும் அந்தக் கோப்பைச் சேர்த்து அனுப்புங்கள். வெறும் அட்டவணை வந்தால் திறக்கமாட்டேன்.