ஃபீபியும் லூசுப் பெண்ணும் – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை வீட்டில் எல்லோருமாக மூன்றாவது முறை பார்த்து முடித்தோம். என் தங்கைக்கு ரொம்ப நாளாகவே, அதில் வரும் விசித்திரமான பெண்ணின் பெயரான 'ஃபீபி' என்று பட்டப்பெயர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள், நடுரோட்டில் பாடுவாள், எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்கமாட்டாள். போன வாரம் அப்படிக் கூப்பிட்டபோது, "இனிமேல் அப்படிச் சொல்லாதீங்க" என்று அழுதுவிட்டாள். நாங்கள் பாசமாகத்தான் சொன்னோம். ஆனால் இப்போது எனக்கே சந்தேகம். நம் சினிமாவில் வரும் 'லூசுப் பெண்' கதாநாயகிக்கும் ஃபீபிக்கும் என்னதான் வித்தியாசம்? இரண்டுமே நாம் சிரிப்பதற்காகச் செய்த பொம்மைகள்தானே?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

வித்தியாசம் இருக்கிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கே பல நாள் ஆசை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

நம் லூசுப் பெண்ணுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. மழையில் ஆடுவாள், தெருக் குழந்தைகளோடு விளையாடுவாள், முன்பின் தெரியாதவனிடம் கதை பேசுவாள், அதையெல்லாம் கதாநாயகன் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கு உலகத்தைப் பற்றிப் பயம் இல்லை, ஏனென்றால் அவளுக்கு இதுவரை எதுவுமே நடக்கவில்லை. ஃபீபிக்கோ எல்லாமே முன்கூட்டியே நடந்து முடிந்துவிட்டது. 1994 செப்டம்பரில் வந்த முதல் எபிசோடிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள். கல்யாணத்திலிருந்து ஓடிவந்த ரேச்சல், தனியாக வாழப் பயந்து நிற்கிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று ஃபீபி ஆரம்பிக்கிறாள்: நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது, அம்மா அப்போதுதான் தற்கொலை செய்துகொண்டிருந்தாள், மாற்றாந்தந்தை மறுபடி ஜெயிலுக்குப் போயிருந்தார், எனக்கு யாரையும் தெரியாது, அதனால் உன் நிலைமை எனக்கு நன்றாகப் புரியும். அறையில் ஒருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பார்ப்பவர்கள் சிரிக்கிறோம். நானும் முதலில் சிரித்தேன். பல வருடம் கழித்துப் பார்த்தபோதுதான், அந்தப் பெண் உண்மையாகவே ஆறுதல் சொல்லத்தான் முயல்கிறாள், அவளிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்தக் கதை மட்டும்தான் என்று உறைத்தது.

இரண்டாவது சீசனில் ஒரு எபிசோட் இருக்கிறது, எனக்கு அதுதான் ஃபீபியைத் திறந்து காட்டியது. எல்லோரும் ஒரு பழைய நாய்ப் படத்தைப் பார்த்துக் கலங்கிக்கொண்டிருக்கிறார்கள், இவளோ சந்தோஷமான படத்துக்கு எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்கிறாள். நாய் சாகும் கட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. வளர்த்த அம்மா சோகம் வருவதற்கு முன்பே டிவியை அணைத்து, படம் முடிந்தது என்று சொல்லிவிடுவாளாம். அந்த அம்மாதான் பிறகு தற்கொலை செய்துகொண்டவள். மற்ற படங்களின் முடிவையும் தேடிப் போட்டுப் பார்த்து ஃபீபி இடிந்துபோகிறாள். நகைச்சுவைத் தொடர் என்பதால் இருபத்திரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள், ஆனால் ஒரு குழந்தைக்குச் சொல்லப்பட்ட அன்பான பொய்யும் அதன் விலையும் அங்கே முழுதாக இருக்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு அதே சீசனின் நூலகக் காட்சியைப் பாருங்கள். 1996 ஜனவரியில், அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த எபிசோட் அது. ஃபீபியைக் குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடக் கூப்பிடுகிறார்கள். அவள், பாட்டி வெளியூர் போகவில்லை, செத்துப்போய்விட்டாள் என்று கிட்டாரை மீட்டிக்கொண்டு பாடுகிறாள். பெற்றோர்கள் கொதிக்கிறார்கள், வேலை போகிறது. அப்புறம் ஒரு நாள் அந்தக் குழந்தைகளே காபிக் கடையைத் தேடி வந்துவிடுகிறார்கள், உண்மை சொல்லும் அந்த அக்காவின் பாட்டைக் கேட்க. அவளுடைய அம்மா அணைத்த டிவியை இவள் வேறு குழந்தைகளுக்காகத் திரும்பப் போட்டுவிடுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுதியவர்கள் இரண்டையும் சேர்த்து யோசித்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. பாத்திரம் அவ்வளவு ஒழுங்காக நிற்கிறது.

கஷ்டப்பட்டவர்கள் இப்படித்தான் இளகிய மனதோடு இருப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கும் தொடரிலேயே பதில் உண்டு. ஃபீபியாக நடித்த லிசா கூட்ரோ அதே சமயத்தில் வேறொரு தொடரில் அர்சுலா என்ற சர்வர் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தார். ஒரே முகம் இரண்டு தொடரில் வருகிறதே என்பதற்காக அர்சுலாவை ஃபீபியின் இரட்டைச் சகோதரி ஆக்கினார்கள். ஒரு சிக்கலைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடுதான், ஆனால் அதிலிருந்து எவ்வளவு கிடைத்துவிட்டது! அதே வீடு, அதே அம்மா, அதே இழப்பு. அர்சுலா யாரையும் லட்சியம் செய்யாதவளாக, கூடப் பிறந்தவளின் பிறப்புச் சான்றிதழையே விற்றுத் தின்பவளாக ஆகிறாள். ஃபீபி, வங்கி தவறுதலாகத் தன் கணக்கில் போட்ட பணத்தை வைத்துக்கொள்ள மனம் வராமல், தெருவில் வசிக்கும் தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள். ஆக, அந்த இளகிய மனம் தானாக வந்ததில்லை. அவள் தினமும் எடுத்த முடிவு அது. தம்பிக்காக வாடகைத் தாயாக மூன்று குழந்தைகளைச் சுமந்து பெற்று, ஒன்றையாவது நான் வைத்துக்கொள்ளலாமா என்று உள்ளுக்குள் ஏங்கி, மூன்றையும் கொடுத்துவிடுகிறாளே, அந்த 1998 எபிசோடில் அவள் குழந்தைகளோடு தனியாக இருக்கும் சில நிமிடங்களை எந்த லூசுப் பெண்ணுக்கும் நம் சினிமா எழுதித் தந்ததில்லை. கூட்ரோ அந்த வருடம்தான் நிஜமாகவே கர்ப்பமாக இருந்தார், கதை அதிலிருந்து பிறந்தது. 1998இல் அவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதும் கிடைத்தது, தொடரின் ஆறு முக்கிய நடிகர்களில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

அவளை முட்டாள் என்று நினைப்பவர்களுக்கு தொல்லுயிர் ஆய்வாளனான நண்பன் ராஸோடு, பரிணாமத்தை நம்பவில்லை என்று அவள் போடும் சண்டையைச் சொல்வேன். அவன் புதைபடிவங்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருகிறான். அவள், முன்பு உலகம் தட்டை என்றும் நம்பினார்களே, நீங்கள் தப்பாக இருக்க ஒரு துளி வாய்ப்பும் இல்லையா என்று கேட்கிறாள். அவன் திணறி, ஒரு துளி இருக்கலாம் என்கிறான். உடனே, இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிட்டாயே என்று அவள் ஏமாற்றமடைகிறாள். அறிவியலில் ராஸ் சொல்வதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தான் நம்புவதை எதற்காக நம்புகிறோம் என்று ஒருவனை யோசிக்க வைத்தவள் அவள். உயிரியல் பட்டம் பெற்று, நடிக்க வருவதற்கு முன் தலைவலி நிபுணரான தன் அப்பாவோடு ஆராய்ச்சியில் இருந்தவர் கூட்ரோ. அந்தக் காட்சியில் அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் தெரியாது, அவ்வளவு நேர்மையாக நடித்திருப்பார்.

தொடரிடம் எனக்குக் கோபமும் உண்டு. பின் சீசன்களில் அவள் சிறுவயதில் தெருவில் வசித்ததை எடுத்ததற்கெல்லாம் சிரிப்புக்காக இழுத்தார்கள், அவளையும் சில இடங்களில் வேண்டுமென்றே கடுகடுப்பாக ஆக்கினார்கள். ஆனால் அவளுடைய காதலன் மைக் விஷயத்தில் திரும்பச் சரியாகப் பிடித்தார்கள். கல்யாணமே வேண்டாம் என்கிறான் அவன். சுதந்திரப் பறவை என்று நாம் நினைத்தவள், எனக்குச் சாதாரண வாழ்க்கை என்று ஒன்று கிடைத்ததே இல்லை, எனக்கு அது வேண்டும் என்று சொல்லிப் பிரிகிறாள். எனக்கு மிகவும் பிடித்த ஃபீபி அவள்தான்.

இனி உங்கள் தங்கை. அவர் அழுதது ஃபீபி என்ற பெயருக்காக இருக்காது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரித்திருப்பீர்கள், அவர் சொல்லவந்த விஷயம் அதோடு நின்றுபோயிருக்கும். பாசமாகச் சொன்னோம் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் அவர் வேண்டாம் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், விளக்கம் கேட்காமல்.

அப்புறம் முடிந்தால், ஆறாவது சீசனில் ஃபீபி சென்ட்ரல் பார்க்கில் கைகாலை வீசிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓடும் எபிசோடை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கூட ஓட வெட்கப்பட்டு, கணுக்கால் வலி என்று பொய் சொல்லி ஒதுங்குகிறாள் ரேச்சல். கடைசியில் அவளே ஒரு நாள் தனியாக அப்படி ஓடிப் பார்க்கிறாள். நீங்களும் வீட்டில் மற்றவர்களும் இதுவரை ரேச்சலின் பக்கம்தான் நின்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போன வேலையை ஏன் விட்டார் என்று தங்கையிடம் இதுவரை யாராவது உட்கார்ந்து கேட்டதுண்டா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.