ஆர்எக்ஸ் 100-ல் ரேஸ் இறங்கவில்லையா? மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள்

கேள்வி: அப்பா 1993-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இப்போது நான் ஓட்டுகிறேன். சில மாதம் ஓட்டாமல் நின்றதால் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, புது ரிப்பேர் கிட் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை, கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் இறங்குகிறது. டாப் கியரில் 40-ல் போனால் இழுத்து இழுத்து விடுகிறது. முறுக்கினால் நன்றாகவே போகிறது. "ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம், மெயின் ஜெட்டைப் பெரிதாக்கணும், ட்ரில் போட்டுத் தர்றேன்" என்கிறார். இன்னொருவர் ஜப்பான் கார்புரேட்டர் 7,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எந்த நம்பர் மெயின் ஜெட் போடுவது? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: எந்த நம்பரும் வேண்டாம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த மெக்கானிக்கிடம் போய், உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஜெட்டுகளையும் நீடிலையும் திருப்பிக் கேளுங்கள். குப்பை டப்பாவில் கிடந்தாலும் பொறுக்கி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் மெயின் ஜெட். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும், ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரே வழியாக வருவதில்லை. ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையிலும் கால்வாசி திறப்பு வரையிலும் பெரும்பாலும் ஸ்லோ ஜெட்தான் வேலை செய்கிறது. கால்வாசியிலிருந்து முக்கால் வரை நீடில், அதாவது ஆக்ஸிலேட்டரோடு மேலே கீழே போகும் ஊசி. மெயின் ஜெட் முக்காலுக்கு மேல் முறுக்கும்போதுதான் கணக்கில் வரும். டாப் கியரில் சமதரையில் 40-ல் போகும்போது நீங்கள் கால்வாசிகூடத் திறந்திருக்க மாட்டீர்கள். சந்தேகமாக இருந்தால் கைப்பிடியில் ஒரு துண்டு டேப், பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் ஒரு துண்டு ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோட்டில் தொந்தரவு வருகிறதோ அந்தப் பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். முறுக்கினால் நன்றாகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மெயின் ஜெட் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதை ட்ரில் போட்டுக் கெடுப்பதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ட்ரில் போடுவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், எனக்கு இதில் கோபம் உண்டு. ஜெட் ஓட்டையின் வாயும் உள்சுவரும் வழவழப்பாக, ஒரு அளவோடு செய்யப்பட்டிருக்கும். கைட்ரில் போட்டாலும் சரி, குண்டூசி, செப்புக் கம்பி விட்டு நோண்டினாலும் சரி, அந்த அளவு போய்விடும். மேலே அச்சடித்த நம்பருக்கும் உள்ளே போகிற பெட்ரோலுக்கும் அப்புறம் சம்பந்தமே இருக்காது. அடுத்து வருகிற மெக்கானிக் அந்த நம்பரை நம்பி இன்னொரு தப்பு செய்வார். அடைத்த ஜெட்டுக்கு கார்ப் க்ளீனரும் காற்றும் போதும். மிஞ்சினால் ஒரு நைலான் தூண்டில் நரம்பு. வேறு எதுவும் அந்த ஓட்டைக்குள் போகக்கூடாது.

சரி, உங்கள் வண்டிக்கு என்ன வியாதி? ரேஸ் இறங்காமல் நிற்பதும், லேசான ஆக்ஸிலேட்டரில் இழுத்து விடுவதும் சேர்ந்து வந்தால், கீழ்த் திறப்பில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இதற்குக் காரணம் மூன்று இடத்தில் ஒன்று. ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம் அல்லது டூப்ளிகேட்டாக இருக்கலாம். ஏர் ஸ்க்ரூ (காற்றைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு) அதிகம் வெளியே திருகப்பட்டிருக்கலாம். அல்லது கார்புரேட்டருக்குப் பிறகு எங்கேயோ இன்ஜின் திருட்டுக் காற்று இழுக்கிறது. இந்த மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்று இழுக்கும் இன்ஜினில் எத்தனை நாள் டியூனிங் செய்தாலும் அந்த செட்டிங் நிலைக்காது, காலையில் சரியாக இருக்கும், மதியம் மாறிவிடும்.

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் ஜாயின்ட்டை வளைத்துப் பாருங்கள், முப்பது வருட ரப்பரில் முடி அளவு வெடிப்பு இருக்கும், வளைத்தால்தான் வாய் திறக்கும். கழற்றி மாட்டியபோது கிளாம்ப் சரியாக உட்காராமலும் இருக்கலாம். வண்டியை ஐடிலிங்கில் விட்டு, செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயால் அந்த ரப்பரைச் சுற்றி லேசாக அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் பெட்ரோல் அடித்துப் பார்க்கிறார்கள், சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

ரப்பர் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் இடதுபக்க மேக்னெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல். ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறை காற்றுப் புகாத அறையாக இருக்க வேண்டும். அந்த சீல் காய்ந்து போனால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும். வலதுபக்க, அதாவது கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளையாகப் புகை தள்ளும், அதை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இடது சீல் சத்தமில்லாமல் கெடுக்கும். இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பழைய பிபி பார்க்கும் கருவியின் பம்ப்பால் காற்றேற்றி முள்ளை 250-ல் நிறுத்துவது. அது சுமார் 5 பிஎஸ்ஐ. சில நிமிடம் முள் அப்படியே நின்றால் இன்ஜின் இறுக்கமாக இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள். "அதெல்லாம் வேணாம் சார், செட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்று சொல்பவரிடம் விடாதீர்கள்.

இப்போது ஏர் ஸ்க்ரூ. வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்து செய்ய வேண்டும். கார்புரேட்டர் பக்கவாட்டில் இரண்டு திருகு. பெரியது ஐடிலிங், சிறிய பித்தளைத் திருகு ஏர் ஸ்க்ரூ. சிறியதை மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்படும் இடத்தில் நிறுத்துங்கள், இறுக்கினால் முனை உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. இன்ஜின் ஓடும்போது கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்து, ஐடிலிங் எங்கே உச்சமாக ஏறுகிறதோ அங்கே விடுங்கள். பிறகு பெரிய திருகால் ஐடிலிங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முழுக்க உள்ளே திருகினால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் போதவில்லை, அடைப்பு அல்லது சின்ன ஜெட். இரண்டரைச் சுற்றுக்கு மேல் வெளியே வந்தால் ஸ்லோ ஜெட் பெரிது. முழுக்க உள்ளே திருகியும் ரேஸ் இறங்கவில்லை என்றால் திரும்பப் போய் காற்று இழுக்கும் இடத்தைத் தேடுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். உங்கள் ஆர்எக்ஸில் அந்தச் சிறிய திருகு காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் காற்று குறையும், கலவையில் பெட்ரோல் கூடும். வெளியே திருகினால் காற்று கூடும். ஆனால் வேறு பல வண்டிகளில், குறிப்பாகப் பிற்கால ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் வாக்யூம் கார்புரேட்டரில், அந்தத் திருகு கலவையையே கட்டுப்படுத்தும். அங்கே வெளியே திருகினால்தான் பெட்ரோல் கூடும். நேர் எதிர். எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்லைடுக்கு (ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் கதவு) முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. ஸ்லைடுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவைத் திருகு. "மைலேஜ் வேணுமா, இந்த ஸ்க்ரூவை உள்ளே திருகுங்க" என்று வேறு வண்டிக்குச் சொன்ன வீடியோவைப் பார்த்து ஆர்எக்ஸில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடிப் புகை தள்ளும். "பெட்ரோல் கம்மியா வருது, வெளியே திருகுங்க" என்று இன்னொரு வீடியோ சொன்னதை ஆர்எக்ஸில் செய்தால் இருக்கிற பெட்ரோலும் குறைந்து, பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும், அதாவது ஜாம் ஆகும். ஆகவே வீடியோ பார்க்கும் முன்பு உங்கள் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

பிஸ்டன் ஜாம் என்று சும்மா பயமுறுத்தவில்லை. நீங்கள் பொள்ளாச்சிக்காரர், வால்பாறை போய் வருவீர்கள். 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு இன்ஜின் பிரேக்கில் வருவீர்கள். அப்போது ஆயில் பம்ப்பும் குறைந்த அளவில்தான் ஆயில் விடும், அதன் கேபிள் ஆக்ஸிலேட்டரோடுதான் ஓடுகிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, உள்ளே ஆயில் குறைவு, பெட்ரோலும் குறைவு. கீழ்த் திறப்பில் பெட்ரோல் குறைந்த வண்டிக்கு இதைவிட மோசமான ரோடு கிடையாது. இந்தக் கோளாறு சரியாகும் வரை மலை ஏறாதீர்கள். சரியான பிறகும் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஈ20-ஐப் பற்றிக் கேட்டீர்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் மெக்கானிக் சொல்லும் அளவுக்கு இல்லை. சுத்தப் பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் பெட்ரோல் குறைந்ததாகிறது. முன்பு விற்ற ஈ10-ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 4, 5 சதவீதம்தான். தேவைப்பட்டால் நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே வரும், நடுத் திறப்பில் ஈடுகட்டிவிடலாம். முழுத் திறப்பில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டலாம். நீங்கள் அப்படி ஓட்டுபவராகத் தெரியவில்லை.

ஈ20-ன் பெரிய தொல்லை, வண்டி நிற்கும்போது வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலில் தங்கிய பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் பிசினும் பச்சைப் படிவும் வந்து முதலில் அடைவது ஸ்லோ ஜெட், இருப்பதிலேயே சின்ன ஓட்டை அதுதான். பழைய ரப்பரும் ஊறிக் கெடும். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு பவுலைக் காலி செய்யுங்கள். இதை எந்த பங்க்கிலும் எழுதி ஒட்டவில்லை. கோடிக்கணக்கான பழைய வண்டிகள் ஓடும் நாட்டில் சாதாரணப் பெட்ரோல் என்று கேட்டால் ஈ20 மட்டும்தான், எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வைக்கச் சொல்லிப் போட்ட மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கினார்கள். காசு மட்டும் பழைய வண்டிக்காரனிடம் கூடுதலாக வாங்குகிறார்கள், அவன் வண்டிக்கு ஏற்ற பெட்ரோலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

புகைச் சான்றிதழும் இதோடு சேர்ந்ததுதான். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. சீராக இருக்கும் ஆர்எக்ஸ் இதில் தேறும். ஆனால் சில இடங்களில் குழாயை சைலன்சரில் விடாமலே பேப்பர் அடித்துத் தருகிறார்கள், வேறு சில இடங்களில் "கொஞ்சம் திருகினால் பாஸ்" என்று ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகிவிட்டு, பாஸ் ஆனதும் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கு அண்மையில் சான்றிதழ் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் திருகைத்தான் பாருங்கள்.

அப்புறம் அந்த ஜப்பான் கார்புரேட்டர். ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-ல் வந்து 1996-ல் நின்றது. முதலில் வந்த வண்டிகளில் ஜப்பான் பாகங்கள் இருந்தன என்பதை வைத்துக்கொண்டு, இன்றைக்கு பாலிஷ் போட்ட எந்தக் கார்புரேட்டரையும் ஜப்பான் என்று விற்கிறார்கள். மிகுனி என்ற ஜப்பான் கம்பெனியின் பெயரை எந்த வார்ப்பிலும் வார்க்கலாம். அசலாகவே இருந்தாலும் பல வருடம் ஓடிய கார்புரேட்டரில் ஸ்லைடும், நீடில் போய்வரும் பித்தளை ஜெட்டும் தேய்ந்திருக்கும். ஸ்லைடை மாட்டி விரலால் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் அது 700 ரூபாய்க்குக்கூட வேண்டாம். நம் ஊரில் மறைமலைநகரிலேயே யூகால் நிறுவனம் மிகுனி நுட்பத்தில் கார்புரேட்டர் செய்திருக்கிறது, ஜப்பான் என்ற பெயருக்காக ஏமாற வேண்டியதில்லை.

பழைய ஜெட்டுகளைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். மெயின் ஜெட்டும் ஸ்லோ ஜெட்டும் சாதாரணமாகத் தேய்வதில்லை, அழுக்கு ஏறும், அவ்வளவுதான். சுத்தம் செய்தால் போதும். ஆனால் கிட் விற்றால்தான் கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் காசு. அதனால் 30 வருடம் ஒழுங்காக வேலை செய்த பித்தளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டை எந்த அளவில் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத பித்தளையை மாட்டுகிறார்கள். அசல் மிகுனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்ன முத்திரை இருக்கும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உங்கள் பழைய ஜெட்டில் அது இருக்கலாம், டூப்ளிகேட் கிட்டில் பெரும்பாலும் இருக்காது.

பழையவை கிடைத்தால், முதலில் ரப்பர் ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு, ஸ்லோ ஜெட்டை மட்டும் மாற்றி மாட்டி, மேலே சொன்னபடி ஏர் ஸ்க்ரூவை வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எது சரியாக்கியது என்று தெரியாமல் போகும். அதற்கும் ரேஸ் இறங்கவில்லை என்றால் இடது சீலுக்குப் போங்கள். பழைய ஜெட் கிடைக்காமல் போனால், கிட்டில் வந்த ஸ்லோ ஜெட்டின் நம்பரையும், ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நன்றாக நின்றது என்பதையும் எழுதி அனுப்புங்கள், என்ன வாங்குவது என்று சொல்கிறேன்.