பற்றரிக்குள்ளே கரண்ட் இருக்கிறதா?

தலவாக்கலை, தரம் 10 மாணவி: சேர், டோர்ச் பற்றரிக்குள் கரண்டை நிரப்பியா வைத்திருக்கிறார்கள்?

இல்லை மகள். உள்ளே இருப்பது வினைபுரியக் காத்திருக்கும் பொருட்கள். சாதாரண டோர்ச் பற்றரியின் உட்கோப்பை நாகம் (துத்தநாகம்) என்ற உலோகம். நடுவில் காபன் கோல், அதைச் சுற்றிக் கறுப்பாக மங்கனீசு ஈரொட்சைட்டு, இடையில் ஈரப்பசை. டோர்ச்சைப் போட்டதும் நாக அணு இரண்டு இலத்திரன்களைக் கோப்பையில் விட்டுவிட்டு, மின்னேற்றம் கொண்ட அயனாகப் பசைக்குள் கரைகிறது. அந்த இலத்திரன்களை வாங்கிக்கொள்ள மறுபக்கம் மங்கனீசு ஈரொட்சைட்டு இருக்கிறது. ஆனால் பசை இலத்திரனுக்கு வழிவிடாது. வெளியே கம்பி, பல்ப் என்று சுற்றித்தான் போக வேண்டும். அந்த ஓட்டம்தான் கரண்ட். இந்த ஜோடியின் இழுவை 1.5 வோல்ட். பற்றரி பெரிதோ சிறிதோ, அதே 1.5தான், பெரியதில் நாகம் கூட, அதனால் நீண்ட நேரம் எரியும்.

எரிய எரியக் கோப்பையும் கரைகிறது, ஓட்டை விழுந்தால் பசை வெளியே கசியும். மழைக்காலத்தில் மறந்துபோன எங்கள் டோர்ச்சைத் திறந்தபோது, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரல் பட்டதும் ஸ்பிரிங் உதிர்ந்துவிட்டது. தீர்ந்த பற்றரியை உடனே கழற்றிவிடுங்கள்.

நுவரெலியா, த்ரீவீல் ஓட்டுபவர்: ஜனவரி விடியலில் ஸ்டார்ட் ஆகாது, வெயில் ஏறினால் ஆகிறது. பற்றரி போய்விட்டதா?

போயிருக்க வேண்டும் என்றில்லை அண்ணா. 1,800 மீற்றருக்கு மேலே, புல்லில் பனி உறையும் இடம். குளிரில் வினை மந்தமாகும், எஞ்சின் ஒயிலும் தடிக்கும். உங்கள் பற்றரியில் ஆறு அறை, ஒவ்வொன்றும் 2 வோல்ட் அளவு: ஈயத் தகடு, ஈய ஈரொட்சைட்டுத் தகடு, சல்பூரிக்கமிலம். ஓடாமல் ஓரிரவு நின்ற பிறகு வோல்ட்மீற்றர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் போடுங்கள். விட்டால் தகட்டில் ஈய சல்பேற்று இறுகிவிடும். மூடி திறக்கும் பற்றரி என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், பீலித் தண்ணீர் வேண்டாம்.

பொகவந்தலாவை, தரம் 8 மாணவன்: தேசிக்காயில் செம்புக் கம்பியும் நாகம் பூசிய ஆணியும் குத்தினேன். டோர்ச் பல்ப் எரியவில்லையே?

முயற்சி சரிதான் தம்பி, பல்ப்தான் பொருந்தவில்லை. ஒரு காய் ஏறக்குறைய ஒரு வோல்ட் தரும், கரண்ட் மிகக் கொஞ்சம். நான்கு காய்களைத் தொடராக இணைத்துச் சிவப்பு எல்.ஈ.டி. போடு, நீண்ட கால் செம்புப் பக்கம். இருட்டு அறையில் மங்கலாகத் தெரியும். 1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா உலோகத் தட்டுகளுக்கு இடையில் உப்புத் தண்ணீர்த் துணி வைத்துச் செய்ததும் இதே வேலைதான். அப்புறம், அந்தக் காய்களைச் சம்பலுக்குப் பிழிய அம்மாவிடம் கொடுத்துவிடாதே. ஆணியின் நாகம் சாற்றில் கரைந்திருக்கும்.