கவுன்சிலரின் நோட்டீசும் புதிய சட்டமும்

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. "வேலை முடியவில்லை, பில் மட்டும் போட்டாகிவிட்டது" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். 50 லட்சம் ரூபாய் மானநஷ்டம் கேட்டு வார்டு கவுன்சிலர் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். புதிய சட்டத்தில் அவதூறுக்கு ஜெயில் கிடையாதாமே?
- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஜெயில் அப்படியேதான் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு வந்தது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அபராதம், அல்லது இரண்டும். இவற்றுக்கு மாற்றாகச் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. எதை விதிப்பது என்பது நீதிபதி கையில்.

உங்களுக்குப் பயன்படும் மாற்றம் வேறொன்று. தனிப்புகாரை (போலீஸ் வழியாக இல்லாமல் நேரே கோர்ட்டில் கொடுக்கும் புகாரை) மாஜிஸ்திரேட் ஏற்கும் முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவு. முன்பெல்லாம் சம்மன் கைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. 50 லட்சம் கேட்டு சிவில் வழக்குப் போட அவர் 3 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். அதுவும் நீங்கள் எழுதிய நாளிலிருந்து ஓராண்டுக்குள். கிரிமினல் வழக்கென்றால் அவரே கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்யும் குற்றமல்ல இது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டால் எழுதித் தராதீர்கள்.

வழக்கு வந்தால் எது நிற்கும்? "வேலை முடியவில்லை" என்பதற்குத் தெருவே சாட்சி. டேப் பிடித்து, நீளம் தெரியும்படி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சிக்கல் "பில் போட்டாகிவிட்டது" என்பதில்தான். அது கருத்தல்ல, தகவல்; பில் போடவில்லை என்று தெரிந்தால் அந்த வரி உங்களைக் கவிழ்க்கும். கிரிமினல் வழக்கில் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். அந்தச் சுமை உங்கள் தலையில். செய்தியை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை அவர் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின் சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். உங்கள் படங்களுக்கும் அதே விதிதான்.

பொதுவாழ்க்கையில் இருப்பவரை விமர்சிக்க இடமே இல்லையா? இருக்கிறது. நக்கீரன் தொடர்ந்த ஆட்டோ சங்கர் வழக்கில், 1994-ல், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அதிகாரியின் அலுவல் நடத்தை பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினால்தான் நஷ்டஈடு. நியாயமாக விசாரித்து எழுதினேன் என்று காட்டினால் போதும். அரசோ மாநகராட்சியோ மானநஷ்டம் கேட்கவே முடியாது. ஆனால் இது சிவில் வழக்குக்கான பாதுகாப்பு. கிரிமினல் பிரிவை அதே நீதிமன்றம் 2016-ல் செல்லும் என்றது. 2024-ல் சட்ட ஆணையமும் தொடரலாம் என்றது. என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே 2009-ல் கிரிமினல் அவதூறை ஒழித்துவிட்டு, 2013-ல் கடுமையான பாதிப்பை நிரூபித்தால்தான் சிவில் வழக்கு என்று மாற்றியது. இங்கே இது தலைவர்களையும் விடவில்லை: 2023-ல் சூரத் கோர்ட் இரண்டு ஆண்டு கொடுத்ததும் ராகுல் காந்தியின் எம்.பி. பதவி போனது, உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகே திரும்பியது. ஒரு சொல்லுக்காகத் தொகுதியே பிரதிநிதி இல்லாமல் நிற்பது யாருடைய மானத்தைக் காக்கிறது?

ஒன்றை மறக்காதீர்கள். இந்தப் பாதுகாப்பு வடிகால் வரைக்கும்தான். கவுன்சிலரின் சாதியையும் குடும்பத்தையும் இழுத்தால் நானும் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது: தண்டையார்பேட்டை மண்டலத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்.டி.ஐ. மனு. எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், இதுவரை பாஸான பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. நோட்டீசில் கொடுத்த கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும், அதனால் "ஆவணம் கேட்டிருக்கிறேன், வந்ததும் விரிவான பதில்" என்று வக்கீல் மூலம் நான்கு வரி அனுப்பிவிடுங்கள்.