தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து மருத்துவமனைகளில் கிளினிக்கல் ட்ரையல் (புது மருந்தை ஆட்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) நடத்தப்போகும் டாக்டர், நர்ஸ்களுக்கு நெறிமுறைப் பயிற்சி எப்படித் தர வேண்டும்?

விதிகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். 2019-இன் புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல் விதிகள், 2017-இன் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைகள், ட்ரையலை ஆராய்ந்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது 7 பேர், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசிய ட்ரையல் பதிவேட்டில் பதிவு. இதெல்லாம் படித்தால் வந்துவிடும். மீதி நேரத்தை ஒப்புதல் வாங்கும் பேச்சுக்கே கொடுங்கள்.

மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள்: ஒருவர் டாக்டர், ஒருவர் நடவுக்குப் போகிற அம்மா, ஒருவர் சாட்சி. 20 நிமிடம், கையில் தமிழ்ப் படிவம். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கவே கூடாது. "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்கய்யா" என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்வதை ஒப்புதல் கணக்கில் எழுத முடியாது. "வீட்டுல மகன் கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "புது மருந்து குடுக்குறாங்க" என்பதோடு நின்றால் மறுபடி முதலிலிருந்து. யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கலில் விழுவது, டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. நடுவில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது. இந்த இரண்டும் அந்த அம்மா வாயிலிருந்தே வர வேண்டும். சீட்டுக் குலுக்கல் உதாரணம் சட்டென்று பிடிபடும். ஆனால் சீட்டில் பேர் விழுந்தால் பணம். இங்கே விழுவது பரிசில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கைநாட்டு என்றால் பேச்சு தொடங்கும்போதே சாட்சி கூட இருக்க வேண்டும். ட்ரையலில் வேலை செய்யும் நர்ஸையே கடைசி நிமிடம் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. படிவத்தின் நகல் ஒன்று ட்ரையலில் சேருபவர் கையில் போக வேண்டும்.

அடுத்து, 24 மணி நேரக் கணக்கு. ட்ரையலில் இருப்பவர் வயலில் பாம்பு கடித்து அட்மிட் ஆனாலும் அது தீவிர பாதகம்தான் (சீரியஸ் அட்வர்ஸ் ஈவென்ட்). "மருந்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று டாக்டரே முடிவு செய்து விட்டுவிடக் கூடாது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம், ஸ்பான்சர் (ட்ரையலுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம்), எத்திக்ஸ் கமிட்டி மூவருக்கும் 24 மணி நேரத்துக்குள் தகவல். ஆராய்ந்த அறிக்கை 14 நாளுக்குள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சேதியே மூன்று நாள் கழித்துத்தான் வரும். அதனால் ட்ரையலில் சேரும் நாளிலேயே போன் நம்பர் அட்டை கொடுத்து, எங்கே போனாலும் காட்டச் சொல்லுங்கள்.

விசிட் தேதிகளை யாரும் யோசிப்பதில்லை. குறுவை அறுப்பிலும் சம்பா நடவிலும் கூப்பிட்டால் ஆள் வராது. காலிக் கட்டத்தில் பழைய பி.பி. அளவை எழுதும் ஆசை அப்போதுதான் வருகிறது. பஸ் காசும் அன்றைய கூலியும் கமிட்டி ஒப்புதலோடு கொடுக்கலாம். அப்படியும் வராவிட்டால் "வரவில்லை" என்றே எழுதப் பழக்குங்கள்.