படிவத்தில் ‘விஷம்’ என்று இருக்கிறதே?

கேள்வி: ஜெர்மன் மொழியில் பி1 நிலை வரை தேறியிருக்கிறேன். கணவருக்கு ஸ்வீடனில் வேலை கிடைத்திருப்பதால் குடும்பத்தோடு அங்கே போகிறோம். நிரப்ப வேண்டிய ஸ்வீடிஷ் படிவம் ஒன்றில், திருமண நிலையைக் கேட்கும் இடத்தில் ஜி, ஐ, எஃப், டி என்ற நான்கு எழுத்துகள் இருக்கின்றன. ஜெர்மனில் இதற்கு விஷம் என்றல்லவா படித்தேன்? ஆங்கிலத்தில் பரிசு. மூன்றும் ஒரே சொல்தானா? படித்த ஜெர்மனை நம்பி ஸ்வீடிஷை வாசிக்கலாமா?
– கோவை வாசகி

பதில்: தயங்காமல் அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள். ஸ்வீடிஷில் அது ‘திருமணமானவர்’, உச்சரிப்பு ‘யிஃப்ட்’. முன்னால் ‘ஓ’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் ‘திருமணமாகாதவர்’ என்றாகிவிடும். ஜெர்மனில் ‘உன்’ என்ற முன்னொட்டு செய்கிற எதிர்மறை வேலையை இங்கே அந்த ஓரெழுத்து செய்கிறது. அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும், கவனம்.

மூன்றும் ஒரே வேரில் பிறந்தவைதான். ஆங்கிலத்தின் ‘கிவ்’, ஜெர்மனின் ‘கேபன்’ ஆகியவற்றுக்கு மூலமான ‘கொடு’ என்ற வினையிலிருந்து ‘கொடுப்பது’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டது.

ஸ்காண்டிநேவிய மொழிகள் நிரப்பியது பெண் கொடுப்பதை. “பெரியவளை மதுரையில் கொடுத்திருக்கிறோம்” என்று பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டிக்கொடுக்கப்பட்டவளைக் குறித்த சொல் பின்னர் ஆணுக்கும் பொதுவாயிற்று. டேனிஷ், நார்வேஜியன் மொழிகளிலும் இதே நான்கெழுத்து, இதே பொருள். ஆங்கிலமும் இதற்கு விலக்கல்ல: பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் மணமகன் வீட்டார் போடும் பரிசத்தைக் குறித்தது, பன்மையில் வந்தால் திருமணம். அன்று அவர்களும் ‘யிஃப்ட்’ என்றே உச்சரித்தார்கள். இன்றைய வல்லின உச்சரிப்பு, இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழித் தாக்கத்தால் வந்தது.

விஷம் வந்த வழி வேறு. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவு என்ற பொருளில் அது இலத்தீனுக்குப் போயிற்று. நாம் மருந்துக்கடையில் சொல்லும் ‘டோஸ்’ அதுவே. அந்த மருத்துவப் பொருளை ஜெர்மானியர்கள் தங்கள் ‘கொடுப்பது’ மீது ஏற்றினார்கள். கொடுக்கப்படும் மருந்து என்பது, சொல்லக் கூசுகிற இடத்தில் விஷத்துக்கு மறைசொல்லாயிற்று. நம் ஊரிலும் “மருந்தைக் குடித்துவிட்டான்” என்று தாழ்ந்த குரலில் சொன்னால் யாரும் இருமல் மருந்து என்று நினைப்பதில்லையே! ஜெர்மனில் பழைய பொருள் அநேகமாக மறைந்தே போயிற்று. ‘மிட்கிஃப்ட்’, அதாவது பெண்ணோடு அனுப்பும் சீதனம், என்ற சொல்லில் மட்டும் அது பளிச்சென்று தெரிகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இடம் இழந்த சொல்லுக்கு நேர்ந்த கதி. விஷத்துக்கு ஜெர்மனில் முன்பு ‘ஐட்டர்’ என்ற சொல் இருந்தது. புதுச்சொல் வந்து உட்கார்ந்ததும் அது சுருங்கி, புண்ணில் வடியும் சீழை மட்டும் குறிக்கலாயிற்று. ஐஸ்லாந்தில் அதன் உடன்பிறப்பு இன்றும் விஷம் என்ற முழுப்பொருளோடு வாழ்கிறது. டச்சுக்காரர்கள் ‘கொடுப்பது’ என்ற அந்தச் சொல்லை எழுத்திலேயே பிரித்துவிட்டார்கள்: ‘டி’யோடு முடிந்தால் நன்கொடை, ‘டி’ இல்லாவிட்டால் விஷம்.

இனி உங்களுக்கு வேண்டிய எச்சரிக்கை. ஜெர்மன் செல்வாக்கால் ஸ்வீடிஷுக்கும் விஷப் பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. எனவே அங்கே இரண்டும் உண்டு, எழுத்தும் ஒலியும் ஒன்றே. ஆளைப் பற்றி உரிச்சொல்லாக வந்தால் திருமணம். ஆங்கிலத்தின் ‘எ’ போல முன்னால் நிற்கும் ‘எத்’ என்ற சொல்லோடு பெயர்ச்சொல்லாக வந்தால் விஷம். வேறு சொல்லோடு ஒட்டி வரும்போது பெரும்பாலும் விஷம்தான். ஆனால் ‘யிஃப்டர்மோல்’ என்றால் திருமணம். ‘யிஃப்டோரெத்’ என்ற சட்டச்சொல்லை மணமானவர் என்ற முறையில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: மணமுறிவிலோ மரணத்திலோ துணைவரின் சொத்தில் பங்கு பெறும் உரிமை அது. 1987ஆம் ஆண்டின் ஸ்வீடிஷ் திருமணச் சட்டப்படி, தனிச்சொத்து என்று முறையாக ஒதுக்கப்படாத எல்லாமே இந்தப் பங்கீட்டுக்குள் வரும்.

படித்த ஜெர்மனை நம்பலாமா என்றால், வாக்கியத்தின் போக்கைப் பிடிக்க நம்பலாம். தனிச்சொல்லின் பொருளுக்கு நம்பாதீர்கள். ஒரே வேர்ச்சொல் பொருள் மாறுவது ஒருவகை ஆபத்து. வேரே வேறாக இருப்பது இன்னொரு வகை. இரண்டு புள்ளி வைத்த ‘ஓ’வும் ‘எல்’லும் சேர்ந்த ‘ஊல்’ ஜெர்மனில் எண்ணெய். ஆலிவைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. அதே இரண்டெழுத்து ஸ்வீடிஷில் பீர்; ஆங்கிலத்தின் ‘ஏல்’ என்ற சொல்லுக்கு உறவு. சமையலுக்கு வாங்க வேண்டியது ‘ஓல்யா’.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்புரவு திரவப் புட்டிகளில் ‘யிஃப்ட்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் ஆபத்துப் படம் இருக்கும். கூடவே ஸ்வீடிஷில் ‘ஃபாரா’ அல்லது ‘வார்னிங்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ‘ஃபாரா’ கடுமையானது. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உடனே 112 எண்ணை அழைத்து, ‘யிஃப்ட்-இன்ஃபர்மஷூன்’ வேண்டும் என்று கேளுங்கள். நஞ்சுத் தகவல் மையத்துக்கு இணைப்புக் கொடுப்பார்கள், ஆங்கிலத்திலேயே பேசலாம். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.